மூன்றாம் நாள் எடுத்த இரத்தம்

கேள்வி: எனக்கு வயது 34. ஏழு மாதத்துக்கு முன் இடது தொடையின் ஆழ்சிரையில் இரத்தக்கட்டி வந்தது. மாதவிடாய் ஒழுங்காக வருவதற்காக ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையை அப்போது இரண்டு மாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மருத்துவமனையில் சேர்ந்த மூன்றாம் நாள், ஹெப்பாரின் சொட்டு ஏறிக்கொண்டிருந்தபோது எடுத்த பரிசோதனையில் ‘லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் பாசிட்டிவ்’ என்று வந்தது. அதன் பிறகு இரத்தம் உறையாமல் இருக்க தினமும் ரிவராக்ஸபான் மாத்திரை 20 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். ஐந்து மாதம் கழித்து வேறொரு லேபில் மறுபடி எடுத்தோம். அதிலும் பாசிட்டிவ். கார்டியோலிப்பின் ஆன்டிபாடியில் ஐஜிஎம் வகை 18 என்று இருக்கிறது, ஐஜிஜி வகை நார்மல், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் இரண்டு வகையும் நார்மல். ஒரு டாக்டர் ‘இது ஏபிஎஸ், ஆயுள் முழுக்க மருந்து’ என்கிறார். இன்னொருவர் ‘ஒன்றுமில்லை, நிறுத்திவிடலாம்’ என்கிறார். எனக்கு லூபஸ் நோய் இருக்கிறதா? ஆன்டிகோயாகுலன்ட் என்றால் உறையவிடாமல் தடுப்பது என்கிறார்களே, அப்படியானால் எனக்கு ஏன் உறைந்தது? ஐந்து வருடம் முன்பு எட்டாவது வாரத்தில் ஒரு முறை கரு கலைந்தது. அதற்கும் இதுதான் காரணமா? என் தங்கை இப்போது குழந்தைக்காகக் காத்திருக்கிறாள். அவளும் இந்த டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய இரண்டு ரிப்போர்ட்டையும் நிதானமாகப் படித்தேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வார்த்தை: இந்தப் பதிலைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நான் கீழே எழுதப்போவதில் பாதி, ‘உங்கள் பாசிட்டிவை நம்ப முடியாது’ என்றுதான் இருக்கும். அதற்கு ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று அர்த்தம் இல்லை. ரிவராக்ஸபானைத் திடீரென்று விட்டால் கட்டி திரும்ப வரலாம். எந்த மாற்றமும் உங்கள் மருத்துவர் பார்வையில்தான் நடக்க வேண்டும்.

இப்போது நேரடியான பதில். உங்களுக்கு ஏபிஎஸ், அதாவது உடல் தவறாக உண்டாக்கும் ஆன்டிபாடிகளால் இரத்தக்கட்டி வரும் ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்ற நோய் இருக்கிறதா இல்லையா என்பதை இந்த இரண்டு ரிப்போர்ட்டை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு முறையும் இரத்தம் எடுத்த நேரம் தவறு. இரண்டு டாக்டர்களும் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இருவருமே அந்தத் தாள் தாங்கக்கூடியதைவிடக் கனமான முடிவை அதன்மேல் ஏற்றிவிட்டார்கள்.

உங்களைப் பாதி பயமுறுத்தியது அந்தப் பெயர்தான் என்று நினைக்கிறேன். ‘லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்’ என்பதில் இரண்டு சொல்லுமே ஆளைத் தவறான வழியில் கொண்டுபோகும். 1952-ல் கான்லி, ஹார்ட்மன் என்ற இரண்டு மருத்துவர்கள், லூபஸ் நோயாளிகள் இருவரின் இரத்தம் சோதனைக் குழாயில் உறைய வழக்கத்தைவிட அதிக நேரம் எடுப்பதைக் கவனித்து எழுதினார்கள். 1972-ல் ஃபைன்ஸ்டைனும் ரேப்பபோர்ட்டும் அதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. இந்தப் பரிசோதனை பாசிட்டிவ் ஆகிறவர்களில் பலருக்கு லூபஸ் இருப்பதே இல்லை. லூபஸ் என்று சொல்ல மூட்டுவலி, தோல் தடிப்பு, சிறுநீரில் புரதம், ஏஎன்ஏ என்ற இரத்தப் பரிசோதனை என்று வேறு அடையாளங்கள் வேண்டும். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

அடுத்து ‘உறையவிடாமல் தடுப்பது’ என்ற சங்கதி. இரத்தம் உறைவது வெட்டவெளியில் நடப்பதில்லை. அதற்கு ஒரு தளம் வேண்டும். பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புப் பரப்புதான் அந்தத் தளம், இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களான உறைதல் காரணிகள் அதன்மேல் கூடித்தான் வேலை செய்கின்றன. ஏபிஎஸ் உள்ளவர்களின் உடல் தவறாக உண்டாக்கும் ஆன்டிபாடிகள் பெரும்பாலும் பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் என்ற இரத்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு அந்தக் கொழுப்புப் பரப்பில் போய் உட்காருகின்றன. சோதனைக் குழாயில் இந்தப் பரப்பு கொஞ்சம்தான் இருக்கும். ஆன்டிபாடி இடத்தைப் பிடித்துக்கொண்டதும் காரணிகளுக்கு நிற்க இடமில்லாமல் உறைய நேரமாகிறது. உடலுக்குள் கதை நேர் எதிர். அங்கே இதே ஆன்டிபாடி இரத்தக் குழாயின் உட்சுவரையும் தட்டணுக்களையும் உசுப்பிவிட்டு, கட்டி உண்டாக வழி செய்கிறது. குழாயில் தடுப்பது, உடம்பில் உறையவைக்கிறது. உங்கள் கேள்வி நியாயமான கேள்வி, மருத்துவ உலகமே பல ஆண்டுகள் குழம்பிய கேள்வி. இரத்தக்கட்டி, கருச்சிதைவு, இந்த ஆன்டிபாடிகள் மூன்றும் சேர்ந்த ஒரே நோய் என்று கிரஹாம் ஹியூஸ் எழுதியது 1983-ல்தான். லட்சம் பேரில் சுமார் 40, 50 பேருக்கு இருக்கும் அரிய நோய் என்று கணக்கிடுகிறார்கள்.

சரி, உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருவோம். இந்தப் பரிசோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், அது எங்கே பிசகியது என்பது தானாகப் புரியும்.

கையில் இருந்து எடுக்கும் இரத்தம் நீல மூடி போட்ட குழாயில் விழுகிறது. அதில் சிட்ரேட் என்ற திரவம் ஏற்கெனவே இருக்கும். ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு இரத்தம், அதனால்தான் குழாயில் ஒரு கோடு போட்டிருக்கிறது. கோடு வரை நிரம்பாத குழாயை நல்ல லேப் திருப்பி அனுப்பிவிடும். அனுப்பத்தான் வேண்டும். அப்புறம் அதை ஒரு முறை சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்கிறார்கள், பிரித்ததை இன்னொரு முறை சுழற்றுகிறார்கள். இரண்டாவது சுற்று சம்பிரதாயத்துக்கு அல்ல. தட்டணுக்களின் சவ்வும் அதே பாஸ்போலிப்பிட்தான். ஒரு மைக்ரோலிட்டருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் தட்டணுக்கள் மிஞ்சிய பிளாஸ்மாவை உறைய வைத்து எடுத்தால், அவை உடைந்து கொழுப்பைக் கொட்டி ஆன்டிபாடியை உறிஞ்சிக்கொள்ளும். இருக்கிற நோய் இல்லை என்று வரும். இதெல்லாம் இரத்தம் எடுத்த நான்கு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும்.

இதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. அதில் ஒன்றுக்குக் கண்ணாடி விரியனின் விஷம் வேண்டும். ஆமாம், அதே பாம்பு. உறைதல் என்பது ஒரு காரணி அடுத்ததை எழுப்பிவிடும் சங்கிலி. கண்ணாடி விரியன் விஷத்தில் உள்ள ஒரு நொதி, முன்னால் உள்ள படிகளையெல்லாம் தாண்டிப் பத்தாம் காரணியை நேராக எழுப்பிவிடும். 1934-லேயே மேக்ஃபார்லேன், பார்னெட் என்ற இருவர் இந்த விஷத்தை இரத்தப்போக்கை நிறுத்த மருந்தாகப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்கள். நாம் அதை நன்றாக நீர்க்கவைத்து, கொஞ்சமே கொஞ்சம் பாஸ்போலிப்பிட்டோடு பிளாஸ்மாவில் விட்டு, எத்தனை விநாடியில் உறைகிறது என்று எண்ணுகிறோம். நேரமானால், நல்ல ஆளின் பிளாஸ்மாவைச் சரிபாதி கலந்து திரும்பப் பார்க்கிறோம். ஏதோ ஒரு காரணி குறைவாக இருந்ததுதான் காரணமென்றால், கலந்ததும் சரியாகிவிடும். ஆன்டிபாடி இருந்தால் கலந்த பிளாஸ்மாவையும் அது தடுக்கும். கடைசியாகப் பாஸ்போலிப்பிட்டை நிறையக் கொட்டுகிறோம். ஆன்டிபாடி மூழ்கிப்போய் நேரம் குறைந்தால், லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் இருக்கிறது என்று எழுதுகிறோம்.

இப்போது ரிவராக்ஸபான் என்ன செய்கிறது என்று பாருங்கள். எழுந்து நிற்கும் பத்தாம் காரணியைப் பிடித்து அமுக்குவதுதான் அந்த மாத்திரையின் ஒரே வேலை. விரியன் விஷம் எழுப்பிவிடுவதும் அதே பத்தாம் காரணியைத்தான். ஆக உங்கள் இரண்டாவது பரிசோதனையில், சோதனை எந்த இடத்தைத் தொடுகிறதோ அந்த இடத்தில் மாத்திரை உட்கார்ந்திருந்தது. உறைய நேரமாகாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு, பாஸ்போலிப்பிட் குறைவாக உள்ள முதல் படியை இந்த மருந்து அதிகமாகவும், நிறைய உள்ள கடைசிப் படியைக் குறைவாகவும் தாமதப்படுத்துகிறது. கணக்கு போட்டால் அசல் ஆன்டிபாடி மாதிரியே விடை வரும். உங்கள் ரிப்போர்ட்டில் ‘நோயாளி உட்கொள்ளும் மருந்துகள்’ என்ற இடம் காலியாக இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது. லேபில் யாராவது ஒருவர் கேட்டிருந்தால் இந்த இரண்டு மாதக் கலக்கம் உங்களுக்கு வந்திருக்காது.

முதல் பரிசோதனையின் கதை வேறு. சோதனைக்கான இரசாயனத்தில் ஹெப்பாரினை முறிக்கும் பொருள் சேர்த்துத்தான் தயாரிக்கிறார்கள், ஆனால் அதற்கு ஓர் அளவு உண்டு. சொட்டாக ஏறிக்கொண்டிருக்கும்போது, அதுவும் சொட்டு ஏறும் கையிலேயே எடுத்திருந்தால், அந்த அளவைத் தாண்டிவிடும். இன்னொன்று, கட்டி வந்த முதல் சில நாட்களில் உடம்பு கொதிநிலையில் இருக்கிறது. அழற்சியின்போது இரத்தத்தில் கூடும் சிஆர்பி என்ற புரதம் ஏறியிருந்தால், உறையும் நேரத்தை வேறு வழியில் எண்ணும் ஏபிடிடி வகைச் சோதனை பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். எட்டாம் காரணி ஏறியிருந்தால் அதே சோதனை இருக்கும் ஆன்டிபாடியை மறைத்தும் விடலாம். இரண்டு பக்கமும் தவறலாம் என்பதால்தான், முடிந்தவரை அந்த நாட்களில் இந்த இரத்தத்தை எடுக்க வேண்டாம் என்று சொல்கிறோம்.

பன்னிரண்டு வார விதி என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு முறை பாசிட்டிவ் வந்தால் குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், அப்போதும் இருந்தால்தான் கணக்கு. 2006-ல் வெளியான சிட்னி வரையறை அப்படித்தான் சொன்னது, 2023-ல் வந்த புதிய வரையறையும் ஒரு முறை மட்டும் வந்த லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்டுக்கு 1 மதிப்பெண்தான் தருகிறது, நீடித்தால் 5. இந்த விதி ஏன் என்பதை நான் இத்துறைக்கு வந்த புதிதில் ஒரு கல்லூரி மாணவனிடம் கற்றேன். டான்சில் அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த சோதனையில் அவன் இரத்தம் உறைய நேரமானது. லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் பலமாகப் பாசிட்டிவ். வீட்டார் அதற்குள் என்னென்னவோ படித்துவிட்டு, அம்மா அழுதபடி வந்தார். இரண்டு வாரம் முன்பு அவனுக்குக் காய்ச்சல் வந்து போயிருந்தது. பதினான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது எல்லாம் சுத்தமாக நார்மல். தொற்றுக்குப் பிறகு இந்த ஆன்டிபாடிகள் வந்துவிட்டுப் போவது சகஜம். அவற்றுக்கு நோய் என்று பெயர் வைக்கக் கூடாது.

உங்கள் இரண்டு சோதனைக்கும் இடையே ஐந்து மாதம் இருப்பதால் நாள்கணக்கு சரிதான். ஆனால் கெட்டுப்போன இரண்டு மாதிரி சேர்ந்து ஒரு நல்ல விடை ஆகிவிடாது.

உங்கள் ரிப்போர்ட்டில் நான் நம்புகிற பகுதியும் ஒன்று உண்டு. கார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் ஆன்டிபாடிகளை எலைசா முறையில் நேரடியாக அளக்கிறார்கள். அங்கே உறைவதற்கான நேரத்தை எண்ணுவதில்லை, ஆகவே ரிவராக்ஸபானோ ஹெப்பாரினோ அதைக் கெடுக்காது. அதில் உங்களுக்கு வந்தது ஐஜிஎம் 18 மட்டும். 40-க்கு மேல் இருந்தால்தான் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வோம். ஐஜிஎம் தனியாக, அதுவும் இவ்வளவு குறைவாக இருப்பதற்கு எடை மிகக் குறைவு. ஆரோக்கியமானவர்களிலேயே நூற்றுக்குச் சிலருக்கு இப்படிக் கொஞ்சம் இருக்கும். தட்டணுக்களும் உங்களுக்கு இரண்டு இலட்சத்துக்கு மேல் நன்றாகவே இருக்கின்றன. ஏபிஎஸ்-ல் அவை லேசாகக் குறைந்திருப்பதைப் பலமுறை பார்க்கிறோம்.

ஆகவே என் மனதில் படுவது: உங்களுக்கு இந்த நோய் இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். தொடையில் கட்டி வந்ததற்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஒரு தெளிவான காரணமாக முன்னால் நிற்கிறது. ஆனால் மற்ற இரண்டும் நார்மலாக, லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் மட்டும் தனியாக இருக்கும் நோயாளிகளும் உண்டு. இரத்தக்கட்டியோடு தொடர்புள்ள வகை அது. அதனால் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி முடிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. ஒரு முறை ஒழுங்காக எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

எப்படி எடுப்பது? இரண்டு வழி உண்டு. உங்கள் மருத்துவர் ரிவராக்ஸபானுக்குப் பதிலாகச் சில நாட்களுக்கு எனாக்ஸாபரின் போன்ற ஹெப்பாரின் ஊசிக்கு மாற்றலாம். அடுத்த மாத்திரை வேளையில் ஊசி, இரண்டும் சேர்த்து அல்ல. மாத்திரை உடலைவிட்டு வெளியேறியதும், கடைசி ஊசி போட்டுக் குறைந்தது 12 மணி நேரம் கழித்து, அடுத்த ஊசிக்கு முன் இரத்தம் எடுக்க வேண்டும். இப்படிச் செய்தால் பாதுகாப்பும் விடுபடாது, சோதனையும் கெடாது. இன்னொரு வழி, மருந்தை உறிஞ்சி எடுக்கும் கரியைப் பிளாஸ்மாவோடு கலந்து, அதைப் பிரித்தெடுத்த பிறகு சோதிப்பது. எல்லா லேபிலும் இந்த வசதி இருக்காது. இருந்தால் மாத்திரையை மாற்றவே தேவையில்லை. நானாக இருந்தால் முதலில் அதைத்தான் விசாரிப்பேன். எந்த வழி என்றாலும் இரண்டு வகைச் சோதனையும் கேளுங்கள், விரியன் விஷச் சோதனை ஒன்று, ஏபிடிடி வகை ஒன்று. கார்டியோலிப்பினையும் பீட்டா-2-வையும் அதே நாளில் திரும்பப் பார்த்துவிடலாம். சளி, காய்ச்சல் இருக்கிற வாரத்தில் போகாதீர்கள்.

இதை வார்ஃபரின் என்ற இன்னொரு உறைதடுப்பு மாத்திரைக்கு மாறும் முன்பே செய்துவிடுங்கள் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். வார்ஃபரின் பல காரணிகளைக் குறைத்துவிடும், அதற்குப் பிறகு இந்தச் சோதனையைப் படிப்பது இன்னும் கடினம்.

‘எப்படியும் மாத்திரை சாப்பிடத்தானே போகிறேன், இவ்வளவு சிரமம் எதற்கு’ என்று தோன்றலாம். மாத்திரையே மாறிப்போகும் என்பதுதான் காரணம். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், கார்டியோலிப்பின், பீட்டா-2 மூன்றும் பாசிட்டிவான ஏபிஎஸ் நோயாளிகள் 120 பேரிடம், ரிவராக்ஸபானையும் வார்ஃபரினையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்து, 2018-ல் வெளியானது. ரிவராக்ஸபான் சாப்பிட்ட 59 பேரில் 11 பேருக்கு பக்கவாதம், மாரடைப்பு, பெரும் இரத்தப்போக்கு, மரணம் என்று கணக்கில் வைத்த கேடுகளில் ஏதாவது ஒன்று நேர்ந்தது. வார்ஃபரின் எடுத்த 61 பேரில் இருவருக்குத்தான். ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். அதனால் உங்களுக்கு ஏபிஎஸ் உறுதியானால், வார்ஃபரினுக்கு மாறுவதைப் பற்றி மருத்துவர் பேசுவார், இரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவை 2-க்கும் 3-க்கும் நடுவில் வைத்து, நெடுங்காலம். அப்போது விரலில் குத்திப் பார்க்கும் கருவியை மட்டும் நம்ப வேண்டாம், இந்த ஆன்டிபாடி உள்ளவர்களில் அது தவறாகக் காட்டலாம். மாறாக, நல்ல மாதிரியில் எல்லாம் நெகட்டிவ் என்றால், ஈஸ்ட்ரோஜனால் வந்த கட்டி என்று எடுத்துக்கொண்டு, ஏழு மாதம் முடிந்த நிலையில் மருந்தை நிறுத்துவது பற்றியே பேச முடியும். ஒரு குழாய் இரத்தம் இந்த இரண்டு வாழ்க்கைக்கும் நடுவில் நிற்கிறது. அதனால்தான் இத்தனை வரி எழுதுகிறேன்.

விடை எதுவானாலும் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை உங்களுக்கு இனி வேண்டாம். மாதவிடாய்த் தொல்லைக்கு ஈஸ்ட்ரோஜன் இல்லாத வழிகள் உண்டு. மகப்பேறு மருத்துவரிடம் கட்டி வந்ததை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கரு கலைந்ததைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த வரியை நீங்கள் எத்தனை முறை அடித்துவிட்டு எழுதினீர்கள் என்று தெரியவில்லை. எட்டாவது வாரத்தில் ஒரு முறை கலைவது, எந்த நோயும் இல்லாத பெண்களிலும் பத்தில் ஒருவருக்காவது நடக்கிறது. பெரும்பாலும் அந்தக் கருவின் குரோமோசோம் கோளாறுதான் காரணம். பத்து வாரத்துக்கு முன் தொடர்ந்து மூன்று முறை கலைந்தாலோ, பத்து வாரத்துக்குப் பிறகு நன்றாக உருவான சிசு இறந்தாலோதான் ஏபிஎஸ் கோணத்தில் யோசிப்போம். அன்றைக்கு நீங்கள் எதையும் தவறவிடவில்லை. இனி குழந்தை வேண்டும் என்று நினைத்தால், கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ரிவராக்ஸபான் கர்ப்பத்தில் கூடாது, வார்ஃபரின் 6 முதல் 12 வாரத்துக்குள் சிசுவின் வளர்ச்சியைக் கெடுக்கும். ஏபிஎஸ் உறுதியானவர்களுக்குக்கூடக் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுத்து நல்லபடியாகப் பிரசவம் பார்க்கிறோம். அதனால் அந்தக் கவலையை இப்போதே சுமக்க வேண்டாம்.

உங்கள் தங்கைக்கு இந்த டெஸ்ட் தேவையில்லை. அக்காவுக்கு இருந்தால் தங்கைக்கும் வரும் என்கிற மாதிரி நேராக இறங்கும் நோய் அல்ல இது. உங்களுக்கே இன்னும் உறுதியாகவில்லை. கட்டியோ கருச்சிதைவோ இல்லாத பெண்ணுக்கு இதை எடுத்தால், உங்கள் 18 மாதிரி ஏதாவது ஒரு எண் வந்து, கர்ப்ப காலம் முழுக்க அவள் பயத்தில் கழிக்க நேரும். ஒரே ஒரு விஷயம்: உங்களுக்குக் காலில் கட்டி வந்ததைத் தன் மருத்துவரிடம் அவள் சொல்லட்டும். அது உபயோகமான தகவல்.

மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, கால் திரும்ப வீங்கினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ இந்தப் பரிசோதனைக்கெல்லாம் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

புதிய ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதன் மேல் ஓரத்தில் உங்கள் கையாலேயே மூன்று குறிப்பு இருக்கட்டும்: அன்று என்ன மருந்தில் இருந்தீர்கள், கடைசி வேளை எத்தனை மணிக்கு, அதற்கு முந்தைய மாதத்தில் காய்ச்சல் வந்ததா.